ஸ்னாப்: கணினி படிக்காத மாணவர்களுக்குக் கணினிச் சிந்தனை

தமிழ், வரலாறு, வணிகவியல் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு நான்-மேஜர் எலெக்டிவ் (முதன்மைப் பாடத்துக்கு வெளியே எடுக்கும் விருப்பப் பாடம்) தாளாகக் கணினிச் சிந்தனை எடுக்கிறேன். அதாவது, ஒரு சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கும் முறை. வாரத்துக்கு 2 மணி நேரம்தான். சில ஆண்டுகளாக அதற்கு ஸ்னாப்பைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான, கணினி நிரல் எழுதும் கருவி. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், கட்டளை எழுதிய கட்டங்களை இழுத்து அடுக்கினால் போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மாணவர்களே புதிய கட்டம் செய்து பெயர் வைக்க முடிவதுதான். ஒரு பெரிய வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, உள்ளே இருப்பதை மறந்துவிட்டு மேலே போவது. கணினி அறிவியலாளர் ஜெனெட் விங் 2006இல் கணினிச் சிந்தனை பற்றி எழுதிய கட்டுரையில் வலியுறுத்திய விஷயம் இது. கரும்பலகையில் எவ்வளவு விளக்கினாலும் மண்டையில் ஏறாதது, ஒரு கட்டம் செய்ததும் புரிந்துவிடுகிறது.

நான் தவறாமல் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஸ்னாப் 5 என்கிறது. நமக்கு 3 எழுத்து. ஏன்? கணினி எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தும் தனித்தனி. சரி, அப்படியானால் நம் கணக்குப்படி எண்ணுவது எப்படி? சொல்லைப் பிரி, 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கு, மிச்சத்தை எண்ணு. இதைத் தமிழ் மாணவர்கள்தான் முதலில் பிடிக்கிறார்கள். அப்புறம் யாராவது ‘பக்ஷி’ என்று கொடுப்பார்கள், விடை 3 வரும். க்ஷ ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்று வகுப்பே இரண்டாகப் பிரியும். விதியை நாம்தான் முடிவு செய்து சொல்ல வேண்டும், கணினி செய்யாது என்பதை அவர்களே அங்கே கண்டுபிடிக்கிறார்கள்.

பிழை தேட, காலடி பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கட்டமாக ஒளிர்ந்து மெதுவாக ஓடும். அருமையான வசதி.

குறைகளும் உண்டு. கைபேசியில் விரலால் கட்டங்களை இழுப்பது பெரும்பாடு. மடிக்கணினி இல்லாதவர்களுக்கு ஆய்வக நேரம் மட்டுமே வாய்க்கிறது. பொதுக் கணினியில் கோப்பைத் தனியாகச் சேமிக்காமல் எழுந்து போனால் வேலை தொலைந்துபோகலாம். இணையம் தகராறு செய்தால், முழுக் கருவியையும் முன்கூட்டியே இறக்கி வைத்து ஓட்டலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் நிரல் மொழியான பைத்தானுக்கு எப்போது போவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒரு பருவம் மட்டுமே இருக்கும் தாளில் நான் போவதில்லை. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் செய்யச் சொல்வேன்.