டேப்பெட் வைக்க எது சுகம்: மினியா, பீட்டிலா?

பழைய நாலு சிலிண்டர் கார் இன்ஜின்களில் வேலை பார்க்க எது சுகம் என்று கேட்டால், யோசிக்காமல் மினி என்பேன். நீண்ட தூரம் ஓட்டிப் போக எது என்றால் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். இரண்டும் புஷ்ராட் இன்ஜின்தான்: ஒரு கம்பி ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ள, அது வால்வைத் திறக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சரிசெய்வதைத்தான் டேப்பெட் வைப்பது என்கிறோம். ஆனால் ஒன்றில் பழகிய கை மற்றதில் திணறும்.

1959-இல் வந்த மினியில் இருப்பது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் ஏ-சீரிஸ் இன்ஜின், 848 சிசி. பானெட்டைத் தூக்கி இரண்டு நட்டைக் கழற்றினால் ராக்கர் கவர் கையோடு வந்துவிடும். எட்டு வால்வும் ஒரே வரிசையில் கண் முன்னால் நிற்கும். மெக்கானிக்குகளான எங்களுக்கு, இரண்டு வால்வு எண்ணும் கூட்டினால் ஒன்பது வரும் ஒரு கணக்கு உண்டு: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருந்தால் முதலாவதை வைக்க வேண்டும், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. இடைவெளி 0.012 அங்குலம். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறிவிடும், அதனால் இறுக்கிய பிறகும் ஒரு தடவை தகட்டை விட்டுப் பார்ப்பேன்.

பீட்டிலில் அந்தச் சொகுசு இல்லை. இன்ஜின் பின்னால், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்தபடி. நாமும் அடியில் படுக்க வேண்டியதுதான். கவரைப் பிடித்திருக்கும் கம்பியை நெம்பியதும் உள்ளே தேங்கிய ஆயில் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை வழியும். வாட்சைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இடைவெளி 0.15 மி.மீ. முதல் சிலிண்டரை முடித்து, இன்ஜினைக் கையால் சுற்ற உதவும் கிராங்க் புல்லியை அரைச் சுற்று பின்னோக்கித் திருப்பினால் இரண்டாவது, இன்னும் அரைச் சுற்றில் மூன்றாவது, அப்புறம் நாலாவது.

மழையில் மினி சிரமம் கொடுக்கும். ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் தண்ணீர் தெறித்தால் திக்கும். கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே ஆயிலைக் குடிப்பதால் ஆயில் சீக்கிரம் கெட்டுப்போகும். பீட்டிலுக்கு இரண்டரை லிட்டர் ஆயில் போதும், ஆனால் ஃபில்டர் கிடையாது. கம்பி வலைச் சல்லடை மட்டும்தான். ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டால் அது மன்னிக்காது. இன்ஜினை இறக்குவது மட்டும் பீட்டிலில் சுலபம்: கியர்பாக்ஸோடு சேர்க்கும் நாலு போல்ட்டை எடுத்து, ஜாக்கில் தாங்கிப் பின்னால் இழுத்தால் வந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை முக்கிய வித்தியாசம் சத்தத்தில்தான். மினியில் டேப்பெட் லூசானால் டிக் டிக் என்று கேட்கும், ஓனரே வண்டியைக் கொண்டுவந்து விடுவார். பீட்டிலின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி போகப்போகக் குறையும், சத்தமும் அடங்கிவிடும். வால்வு சரியாக உட்காராததால் சூடு இறங்க வழியில்லாமல் கருகும். அதிலும் மூன்றாவது சிலிண்டர்தான் முதலில் மாட்டும். பழைய இன்ஜின்களில் ஆயில் கூலர் ஃபேன் காற்றை மறித்துக்கொண்டு நிற்பது அதற்கு நேர் மேலேதான்.

ஒருவர் டேப்பெட்டைத் தொட்டே ரொம்ப நாளாகிவிட்ட பீட்டிலோடு ஆயில் மாற்ற வந்தார். "இப்பெல்லாம் சத்தமே இல்லை, அருமையா ஓடுது" என்றார். வண்டியை ஆற விட்டு அடியில் படுத்தேன். மூன்றாவதில் தகடு நுழையவே இல்லை.