எட்டடி வலை டிஷ்ஷா, சின்னத் தட்டா?

"ஏனுங்க, பழைய எட்டடி டிவி டிஷ்ஷைக் கழட்டிப்போட்டுச் சின்னதை மாட்டிரலாமுங்களா?" உடுமலைப் பக்கம் தோட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி.

ரெண்டுமே பரவளையம்தான். கார் ஹெட்லைட்டில் பல்பின் வெளிச்சத்தை நேர்க்கற்றையாக அனுப்பும் அதே வளைவு, இங்கே தலைகீழாக வானத்து அலைகளை ஒரு புள்ளியில் குவிக்கிறது.

மழை: பெரியது வாங்கும் சி பேண்ட் என்ற அலைவரிசை (3.7–4.2 கிகாஹெர்ட்ஸ்) ஐப்பசி மழைக்கும் அசையாது. சின்னதன் கேயூ பேண்ட் 10.7க்கு மேல், கனமழை கொட்டினால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

காற்று: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் சும்மா விடாது. வலைக் கண்ணிகள் வழியே காற்று போய்விடும். 4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழரை செ.மீ., அதனால் அந்தச் சின்ன ஓட்டைகள் அதற்குத் தெரியாது. ஆனாலும் எட்டடி எட்டடிதான். போன ஆடியில் என் டிஷ் ஒரு விரக்கடை திரும்பியதற்கே அத்தனை சேனலும் போச்சு.

நிழல்: பெரியதில் எல்என்பி (குவிந்த சிக்னலை வாங்கும் கருவி) நடுவில் நின்று கொஞ்சம் சிக்னலை மறைக்கும். சின்னதில் அது கீழே ஒதுங்கி நிற்கும். தட்டும் நிமிர்ந்தாற்போல இருப்பதால் மழைத்தண்ணி தேங்காது.

செலவு: சின்னதுதான் மலிவு. ஒரே ஆள் மாட்டிவிடலாம்.

மாதக் கட்டணமில்லாமல் டிடி ஃப்ரீ டிஷ் போதுமென்றால் சின்னதை 93.5 டிகிரி கிழக்கிலுள்ள ஜிசாட்-15 பக்கம் திருப்புங்க. வெவ்வேறு செயற்கைக்கோள்களைத் தேடிப்பிடிக்கும் ஆசையும் களத்தில் இடமும் இருந்தால், பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுராதீங்க.