கைமானா, திரெவெலினா?

அர்ஜென்டினாவின் படகோனியாவில் வேல்ஸ்காரர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், நான் திரெவெலினைச் சொல்வேன். கைமானும் நல்ல ஊர்தான். 1865-இல் முதல் வேல்ஸ் குடியேறிகள் மிமோசா கப்பலில் வந்து இறங்கிய கடற்கரை அங்கிருந்து பக்கம், டீயும் கருப்புக் கேக்கும் தரும் வீடுகள் நிறைய, 1995-இல் இளவரசி டயானாவே அங்கே டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் ஆண்டிஸ் அடிவாரத்து திரெவெலினின் பெயருக்கே 'ஆலை ஊர்' என்றுதான் பொருள், பழைய மாவு ஆலை இப்போது அருங்காட்சியகம். சிலியா அர்ஜென்டினாவா என்ற எல்லைத் தகராறில், 1902-இல் இந்த மக்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடி அர்ஜென்டினாதான் என்றார்கள். அப்புறம் மலகாரா: 1884-இல் வேல்ஸ் குடியேறி ஜான் டேனியல் எவன்ஸைச் சுமந்து செங்குத்தான பள்ளத்தில் பாய்ந்து, தாக்கியவர்களிடமிருந்து அவர் உயிரைக் காப்பாற்றிய குதிரை. அதற்கு அவர் கட்டிய கல்லறை இன்னும் இருக்கிறது. அக்டோபரில் போங்கள், துலிப் பூத்திருக்கும்.