66 மஸ்டாங், 69 கமாரோ: புது இன்ஜினுக்காக எதை வெட்டினார்கள்?

வெளியே பழைய தகரம், உள்ளே இன்றைய இன்ஜின். அமெரிக்காவில் ரெஸ்டோமாட் என்ற பெயரில் விற்பனைக்கு வருபவற்றில் 1965-66 ஃபோர்டு மஸ்டாங்கும் 1967-69 செவ்ரோலெட் கமாரோவும் அடிக்கடி கண்ணில் படும். விளம்பரத்தில் குதிரைத்திறன்தான் முதல் வரி. வாங்குபவர் முதலில் கேட்கவேண்டியது வேறு: அந்த இன்ஜினுக்கு இடம் பண்ண எதை வெட்டினார்கள்?

மஸ்டாங்கில் தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். முன்சக்கர ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் டவர் இரண்டும் இன்ஜின் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய 289 (கன அங்குல அளவு) வி8 அந்த இடுக்கில் உட்கார்ந்துவிடும். 2011 முதல் வந்த, கொயோட்டி என்ற ஃபோர்டின் 5.0 லிட்டர் இன்ஜினில் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு கேம்ஷாஃப்ட் இருப்பதால் அகலம் அதிகம். டவரை அறுத்தெடுக்காமல் உள்ளே போகாது. அறுத்தபின் மஸ்டாங் 2 என்ற பிந்தைய மாடலின் வகை சஸ்பென்ஷனை வெல்டு செய்கிறார்கள். டவர் தாங்கிய சுமை முழுவதும் இப்போது கீழே நீளமாக ஓடும் இரும்பு ரெயிலில் இறங்குகிறது. ரெயிலுக்கு உள்தகடு வைத்து வலுப்படுத்தாமல் விட்டால் வெல்டு ஓரத்தில் விரிசல் விடும், பானட் இடைவெளி ஒரு பக்கம் குறுகும். வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இல்லாத கொயோட்டி மஸ்டாங்கை விட்டுவிடுவதே நல்லது. பெயின்ட் அடித்தபின் அந்த வெல்டை யாராலும் சரிபார்க்க முடியாது.

வெட்டாமல் முடிக்க வழி இருக்கிறது. 1987-92 மஸ்டாங்கின் 225 குதிரைத்திறன் 5.0 இன்ஜினும் அதன் டி5 ஐந்து கியர் பெட்டியும் டவருக்கு நடுவே அடங்கும். ஆனால் 289-இன் ஃப்ளைவீல் 28 அவுன்ஸ் சமநிலை எடைக்கு, இந்த 5.0-இன் ஃப்ளைவீல் 50 அவுன்ஸுக்கு. பழையதையே மாட்டிவிட்டால் ஆர்பிஎம் ஏற ஏற கார் உதறும். டயர் பேலன்ஸ் என்று சாக்குச் சொல்வார்கள், நம்பவேண்டாம். கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டேம்பரும் 50 அவுன்ஸ்தானா என்று கேளுங்கள்.

கமாரோவின் கதை நேர்மாறு. காரின் முன்பாதி தனி சப்ஃபிரேம், பாடியோடு போல்ட்டில் நிற்பது. செவ்ரோலெட்டின் எல்எஸ் வரிசை வி8-இல் ஒன்றான 430 குதிரைத்திறன் எல்எஸ்3-ஐ மவுன்ட் தகடு மாற்றி இறக்கலாம். முழு சப்ஃபிரேமையே கழற்றிப் புதியது மாட்டி, பழையதைப் பரணில் வைத்தாலும் ஒன்றும் கெடாது. பிசகும் இடங்கள் சிறியவை. பிக்கப் டிரக்கிலிருந்து வந்த எல்எஸ் என்றால் ஆயில் பேன் சப்ஃபிரேமுக்குக் கீழே தொங்கி வேகத்தடையில் அடிபடும். பாடிக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவிலுள்ள ரப்பர் புஷ் நைந்திருந்தால் முன் ஃபெண்டர் கதவை உரசும்.

கமாரோவில் கத்தி விழுவது பின்பக்கம். சாதாரண மாடல்களுக்கு ஒற்றை லீஃப் ஸ்பிரிங்தான். எல்எஸ் முறுக்குவிசையில் அச்சு முறுக்கிக்கொண்டு சக்கரம் குதிக்கும். அதற்கு மல்டி லீஃப் போதும். அகல டயருக்காக உள் வீல் ஹவுசிங்கை வெட்டி அகட்டியிருந்தால்தான் டிரங்க் விரிப்பைத் தூக்கி வெல்டைப் பார்க்கவேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் இரண்டிலும் ஒரே கோளாறு. கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ் இன்ஜெக்‌ஷனுக்கு 58 வேண்டும். செலவைச் சுருக்க பம்பை வெளியே சட்டத்தில் மாட்டியிருந்தால் வெயிலில் சூடேறி இரைந்துகொண்டே கிடக்கும், கால் டேங்கில் வளைவு திரும்பினால் இன்ஜின் இருமும். தடுப்பு வைத்த டேங்கும் உள்ளேயே பம்பும்தான் சரி. மஸ்டாங்கில் டேங்கின் மேல்தகடே டிரங்கின் தரை என்பதால், கசிவு வாசனை நேராக உள்ளே வரும்.

துருவில் மஸ்டாங் மோசம். முன் கண்ணாடிக்கு அடியில் காற்று நுழையும் கௌல் துளையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, உள்ளே கால்மிதியைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் கௌலைப் பிரித்து வெல்டு செய்யவேண்டும், அது பல நாள் வேலை. கமாரோவில் பின் கண்ணாடி விளிம்பும் டிரங்க் ஓரங்களும் அரிக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி.

66 மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். பளபளக்கும் டிஸ்க்கைவிட, இரட்டை அறைக்கு மாற்றியிருக்கிறார்களா என்பதே முக்கியம்.

நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் உயர் கியர்) இல்லாமல் சரிவராது. 3.73 விகித அச்சு, 26 அங்குல டயர் என்றால் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் 70 மைல் வேகத்துக்கு ஏறக்குறைய 3,370 ஆர்பிஎம், 0.70 ஓவர்டிரைவில் 2,360.

பிறகு காரின் அடையாள எண் (விஐஎன்). 69 கமாரோவின் முதல் ஐந்து இலக்கம் 12437 என்றால் தொழிற்சாலையிலேயே வி8 கூபே, 12337 என்றால் ஆறு சிலிண்டர். எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) பேட்ஜை இந்த எண்ணால் உறுதிசெய்ய முடியாது, அதற்கென்று கூடுதல் விலை கேட்டால் ஆவணம் கேளுங்கள். மஸ்டாங்கில் ஐந்தாவது இடம் ‘டி’ (T) என்றால் ஆறு சிலிண்டர். ‘சி’, ‘ஏ’, ‘கே’ மூன்றும் 289. ‘டி’ கார் வி8 ஆனதில் தப்பில்லை. ஆனால் அதன் 7.25 அங்குலப் பின்அச்சும் நான்கு போல்ட் சக்கரமும் அப்படியே இருந்தால், விலையைப் பேசுமுன் அச்சு மாற்றும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்.