பிசிபிக்குக் காற்று: கைப்பம்பா, கம்ப்ரெசரா, சிலிண்டரா?

பிசிபி (அழுத்திய காற்றை முன்பே நிரப்பிவைத்துச் சுடும்) ஏர் ரைஃபிள் வாங்கியதும் நம்ம பக்கம் முதலில் வரும் கேள்வி, "பஞ்சர் கடையில காத்துப் புடிச்சுக்கலாமுங்களா?" என்பதுதான். முடியாதுங்க. அங்கே கிடைப்பது 8, 10 பார் (காற்றழுத்த அளவு). திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஊரே அதிர ஓடும் கம்ப்ரெசர்கூட 20, 30 பார் சுற்றித்தான். ரைஃபிளுக்கு வேண்டியது 200. பட்டறையில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். அந்த அழுத்தத்து ஆக்சிஜனில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெடித்துவிடும்.

மிச்சம் மூன்று வழி. தேர்வதற்கு முன் ஒரு கணக்கு. ரைஃபிளின் காற்றுக்குழாய் 200 சிசி என்றால், 100 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற வெளிக்காற்று 20 லிட்டர் உள்ளே போக வேண்டும். 30 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் அந்த 20 லிட்டரில் 0.4 கிராம் தண்ணீர் இருக்கும், அதாவது ஏழெட்டுச் சொட்டு. அழுத்தினால் அதில் பெரும்பகுதி தண்ணீராகவே பிரியும். அது ரைஃபிளுக்குள் போய்ச் சேர்ந்தால் வால்வு அடைத்து உட்காரும் இருக்கை அரிக்கும், குண்டுக்குக் குண்டு அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் தடுமாறும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் பொள்ளாச்சிப் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. காசு செலவில்லாத மருந்து, ஏசி அறைக்குள் நிரப்புவது. 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் தண்ணீர் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மூன்றடுக்குக் கைப்பம்பு விலையில் குறைவு, கரண்ட் கேட்காது. மேலே சொன்ன 20 லிட்டருக்கு 80 முதல் 100 அடி. மேலிருந்து அடிவரை முழுசாக அழுத்தி, அடியில் ஒரு விநாடி நிறுத்தி எடுக்க வேண்டும். அரைகுறை அடியில் காற்று மேல் அடுக்குக்கே போகாது, சூடு மட்டும் ஏறும். 50 அடிக்கு ஒருமுறை உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றும் பிளீட் திருகைத் திறந்து பார்த்தால் வெண்புகையாகச் சீறி வெளியேறும். அதுதான் தண்ணீர். பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். அவசரப்பட்டால் முதலில் போவது மெல்லிய தண்டின் ஓரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்). கைப்பிடி தானாக மேலே எழும்பினால் காற்றைத் திரும்பவிடாத செக் வால்வு ஒழுகுகிறது. கைப்பிடி எழும்பாமல், ஒரு அளவுக்கு மேல் அழுத்தமானியின் முள் மட்டும் நகர மறுத்தால் போனது பிஸ்டன் ஓரிங். மாற்றும்போது உள்விட்டம், தடிமன் இரண்டையும் வெர்னியரில் அளந்து, 90 ஷோர் கடினமுள்ளதாகக் கேளுங்கள். கோவையில் பம்பு உதிரிபாகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பூசுவது சுத்த சிலிகான் கிரீஸ் மட்டும். தையல் மெஷின் எண்ணெயும் வண்டி கிரீஸும் இங்கே டீசல் என்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும்.

12 வோல்ட் கம்ப்ரெசர் இதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்து, வைத்த பாரில் தானே நின்றுவிடும். தொல்லை இரண்டு. ஒன்று மின்சாரம்: 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒல்லி ஒயரிலும் மலிவு அடாப்டரிலும் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். என்ஜின் ஓடும் காரின் பேட்டரியே மேல். இன்னொன்று சூடு. தலைப்பகுதியைத் தொட முடியாத அளவுக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும். வெளியேறும் பக்கம் ஈர வடிகட்டி இல்லாமல் இதை ஓட்டாதீர்கள். கைப்பம்பை விட வேகமாகத் தண்ணீரையும் தள்ளுவது இதுதான். வடிகட்டிப் பஞ்சு நனைந்ததும் மாற்றுங்கள். சிலிகா ஜெல் போட்டிருந்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும்போது 120 டிகிரி ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

சிலிண்டர்தான் சொகுசு, காற்றும் உலர்ந்தது. 6.8 லிட்டர், 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டர் ஒன்று 200 சிசி ரைஃபிளை ஏறக்குறைய 30 முறை முழு 200 வரை நிரப்பும். கடலில் மூழ்குபவர்களின் 200 பார் ஸ்கூபா சிலிண்டரோ முதல் தடவையே 200-ஐத் தொடாது. ஆனால் கடலில்லாத நம்ம ஊரில் ஸ்கூபா கடை ஏது? தீயணைப்புக் கருவி விற்பவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அழுத்தச் சோதனைத் தேதி தாண்டிய சிலிண்டரை அவர்கள் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. ரைஃபிள் கிளப்புக்கு இது சரி. தோட்டத்தில் வாரம் நூறு குண்டு சுடுபவருக்குக் கைப்பம்பு போதும், தினமும் பயிற்சி எடுப்பவர் கம்ப்ரெசர் வாங்கலாம்.

முடிவெடுக்கும் முன், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் ரைஃபிளைச் சோதியுங்கள். ரெகுலேட்டர் இல்லாத பல ரைஃபிள்களில், வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் 200 பாரில் அதை முழுசாகத் திறக்காது. குண்டின் வேகம் குறைவாக இருந்து, அழுத்தம் 170 பார் பக்கம் இறங்கும்போதுதான் சமன்படும். அப்படியென்றால் கைப்பம்பில் உயிரை வாங்கும் அந்தக் கடைசி 30 பாரை அடிக்கவே வேண்டாம். வேகத்தைக் கூட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று: 0.177 அங்குலக் குழல் ரைஃபிளுக்கு லைசென்ஸ் விலக்கு 20 ஜூல் வரைதான். 0.54 கிராம் குண்டு விநாடிக்கு 270 மீட்டர் போனாலே 19.7 ஜூல் வந்துவிடும்.

எதில் நிரப்பினாலும், ஹோஸைக் கழற்றும் முன் பிளீட் பண்ணுங்கள். பத்து டிகிரி ஆறினாலே முள் ஆறேழு பார் இறங்கும், அதைக் கசிவு என்று நினைத்துப் பிரித்துவிட வேண்டாம். ராத்திரி குறித்துவைத்த அளவிலிருந்து மறுநாள் ராத்திரி இறங்கியிருந்தால்தான் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேட வேண்டும். முதலில் நிரப்பும் வாய், அடுத்து கேஜின் அடி, கடைசியாகக் குழல் வாய். குழலில் குமிழி வந்தால் வால்வு இருக்கை போய்விட்டது. காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.