தொற்றுக் காலத்தில் நுரையீரல் சோதனை: லேபிலா, வீட்டிலா, ஊதாமலேயா?

"இன்னும்... இன்னும்... விடாதீங்க!" என்று டெக்னீஷியன் குரல் கொடுக்க, நோயாளி மூச்சை முழுக்க இழுத்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் ஊதுகிறார். ஸ்பைரோமெட்ரி இதுதான். முடிவை நம்ப வேண்டுமானால் குறைந்தது 3 முறையாவது சரியாக ஊதியிருக்க வேண்டும். சிலருக்கு 8 வரை போகும். காற்றில் தொற்று பரவும் காலத்தில் இதற்குப் பயப்படுவது நியாயம்தான். 2020-இல் பல லேபுகள் அவசரமில்லாத சோதனைகளைத் தள்ளிவைத்தன.

ஆனால் பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில் நிற்கிறது. ஊதும் காற்று குழாய்க்குள்தான் போகிறது. ஆளுக்கு ஒரு புது ஃபில்டர் மாட்டினால் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். சிக்கல் அதற்கு அடுத்த நொடியில். குழாயிலிருந்து வாயை எடுத்ததும் இருமல் வருகிறதே, அதைத் தடுக்க எந்த ஃபில்டரும் இல்லை. அதனால் மெஷினைவிட அறைதான் முக்கியம். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99% வெளியேற சுமார் 23 நிமிடம் ஆகும். 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம். ஒருவர் எழுந்ததுமே அடுத்தவரை உள்ளே கூப்பிடும் லேபை நான் நம்ப மாட்டேன். சோதனையின்போது தரும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தையும் புகைபோலப் பரப்பும் நெபுலைசரில் தராமல் இன்ஹேலர், அதில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வழியாகத் தருகிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டு ஸ்பைரோமீட்டரில் அடுத்த நோயாளி, டெக்னீஷியன் என்ற கவலையே இல்லை. ஆனால் விரட்டி ஊதவைக்கவும் ஆள் இல்லை. பலர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், அளவு குறைவாக வரும். நுரையீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள் தங்கள் அளவு இறங்குகிறதா என்று கவனிக்க இது அருமையான கருவி. வீடியோ காலில் ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. முதல்முறை நோயைக் கண்டுபிடிக்க மட்டும் இதை நம்பி உட்கார வேண்டாம்.

ஊதும் வேகத்தை மட்டும் அளக்கும் சின்னக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஆஸ்துமாவைக் கவனித்துவரப் போதும், சிஓபிடிக்கு (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) போதாது. சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கைமாற்ற வேண்டாம்.

ஊதவே வேண்டாத ஆஸிலோமெட்ரியும் இருக்கிறது. மூக்கில் கிளிப், கன்னத்தை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி அரை நிமிடம்போல சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். குழந்தைகளுக்கும் தளர்ந்த முதியவர்களுக்கும் சிரமம் குறைவு, இருமலைக் கிளப்புவதும் குறைவு. ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஃபில்டரும் வேண்டும். இன்னொரு குறை: ஊதும் மொத்தக் காற்றில் முதல் விநாடியில் எவ்வளவு வந்தது என்ற கணக்கை இது தராது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து தந்த பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துத்தான் சிஓபிடியை உறுதிசெய்கிறார்கள். அந்த இடத்தில் ஸ்பைரோமெட்ரிக்கு மாற்று இல்லை.

சரி, எதை எடுப்பது? நோய் கட்டுக்குள் இருந்து வழக்கமான பரிசோதனைதான் என்றால் வீட்டிலேயே பாருங்கள், இல்லை தொற்று அலை தணியும்வரை தள்ளிப்போடுங்கள். நுரையீரல் அறுவை சிகிச்சைக்கு முன்னால் என்றாலோ, காரணம் தெரியாத மூச்சுத்திணறல் என்றாலோ தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. காற்றோட்டமுள்ள லேபுக்குப் போய்விடுங்கள். அன்று காய்ச்சலோ புது இருமலோ இருந்தால் மட்டும் கிளம்புவதற்கு முன்பே லேபுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.