டைம்ஷிஃப்ட்: வெளி டிஸ்க் இருந்ததால் தப்பியது

அச்சகக் கணினியில் ஒரு ஃபோல்டருக்கு அனுமதி கொடுக்கும்போது பாதையில் ஒரு புள்ளி விட்டுப்போனது. நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளை லினக்ஸ் மின்ட் இயங்குதளம் முழுவதும் ஓடிவிட்டது. அதன்பின் சூடோவே திறக்கவில்லை. 4755 என்ற அனுமதி எண்ணோடு இருக்க வேண்டிய கோப்பு அது. 777 போட்டதும், அதை நிர்வாகி உரிமையோடு ஓடவைக்கும் செட்யுஐடி பிட் போய்விடும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குக் கையால் அனுமதியைத் திருத்துவது நடக்கிற காரியமில்லை.

நிறுவாமலே மின்டை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்தேன். கணினி அமைப்பை நகலெடுத்து வைத்து மீட்டுத்தரும் டைம்ஷிஃப்ட் அதிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை எடுத்த ஸ்னாப்ஷாட்டை, அதாவது அன்றைய நகலை, தேர்ந்து ரீஸ்டோர் கொடுத்தேன். தேநீர் குடித்து வருவதற்குள் பழைய அனுமதிகளோடு கணினி எழுந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது!

ஒன்றைக் கவனியுங்கள்: கோப்புகளாக நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில் ஸ்னாப்ஷாட் மின்ட் இருக்கும் அதே ரூட் பார்ட்டிஷனில் இருந்தால், அந்த சிஎச்மாட் கட்டளை அதன் அனுமதிகளையும் மாற்றிவிடும். என்னுடையது கழற்றி வைத்திருந்த வெளி டிஸ்கில் இருந்தது. நிறுவியவுடன் வரும் அமைப்பில் இதை யாரும் எச்சரிப்பதில்லை, அது பெரிய குறை.

ஹோம் ஃபோல்டரில் உள்ள சொந்தக் கோப்புகளை டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சேர்க்காது. அதனால் வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, தனிச் சாவிக்கு 600 என்று நானே போட்டேன். இலவச மென்பொருள், ஐந்துக்கு நாலரை தருவேன்.